ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை: சமூக-உணர்வுத் திறன்கள் என்றால் என்ன, எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

ஏழாம் வகுப்புப் பையன் ஒருவனுடைய அப்பா பெயரைத் தெரிந்துகொண்டு, இன்டர்வெல்லில் எல்லார் முன்னாலும் அந்தப் பெயரைச் சொல்லி அவனைக் கூப்பிட்டால் என்ன நடக்கும்? கொருக்குப்பேட்டையோ தண்டையார்பேட்டையோ, எந்தப் பள்ளிக்கூடமானாலும் ஒரே கதைதான். காலரைப் பிடிப்பார்கள், சட்டைப் பட்டன் தெறிக்கும், நாலு பேர் ஸ்டாஃப் ரூமுக்கு ஓடுவார்கள். அரைமணி நேரம் கழித்து இருவரும் ஹெச்.எம். அறை வாசலில் நின்றுகொண்டு ‘இனிமேல் சண்டை போட மாட்டேன்’ என்று நோட்டில் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டிருப்பார்கள்.

சண்டை போடக் கூடாது என்பது அந்தப் பையனுக்கு எழுதுவதற்கு முன்பே தெரியும். காது சூடாகி, வகுப்பே சிரிக்கிற அந்த இரண்டு மூன்று நொடியில் கையை என்ன செய்வது, வாயை என்ன செய்வது, அசிங்கப்படாமல் அங்கிருந்து எப்படி வெளியே வருவது என்பதுதான் தெரியாது. அதை அவனுக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்ததில்லை. கணக்கு, அறிவியல் மாதிரி இதையும் திட்டமிட்டுச் சொல்லிக்கொடுக்கலாம், பழக்கலாம் என்ற எண்ணத்துக்குத்தான் சமூக-உணர்வுக் கற்றல் என்று பெயர்.

இது புதிதாக முளைத்த ஃபேஷன் இல்லை. 1968-இல் யேல் பல்கலைக்கழகத்து மனநல மருத்துவர் ஜேம்ஸ் கோமர், அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் ஏழைக் கறுப்பினப் பிள்ளைகள் படித்த இரண்டு பள்ளிகளில் வேலையைத் தொடங்கினார். பிள்ளைகள் படிக்காததற்குக் காரணம் மூளை மந்தம் என்று எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தபோது, வீட்டுக்கும் பள்ளிக்கும் நடுவே உறவு அறுந்துகிடப்பதுதான் காரணம் என்றார் அவர். 1994-இல் இந்தத் துறைக்கு இப்போதைய பெயர் வந்தது. அதைப் பரப்புவதற்காக ‘காசெல்’ என்ற அமைப்பும் உருவானது. உலக சுகாதார நிறுவனம் அதே தொண்ணூறுகளில் ‘வாழ்க்கைத் திறன்கள்’ என்று பத்தைப் பட்டியலிட்டது. நம் நாட்டில் டெல்லி அரசுப் பள்ளிகள் 2018-இல் எட்டாம் வகுப்பு வரை ‘மகிழ்ச்சிப் பாடத்திட்டம்’ ஒன்றைக் கொண்டுவந்தன.

காசெல் இந்தத் திறன்களை ஐந்தாகப் பிரிக்கிறது. பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டாம், அந்த அப்பா பெயர்ச் சண்டையிலேயே ஐந்தையும் பார்த்துவிடலாம். ‘காது சூடாகுது, கை நடுங்குது, நான் காண்டாயிட்டேன்’ என்று அவன் தன்னைக் கவனிப்பது தன்னை அறிதல். உடனே கையை ஓங்காமல் ஒரு மூச்சு தாமதிப்பது தன்னைக் கையாளுதல். கூப்பிட்டவன் ஏன் கூப்பிட்டான், நிஜமாகவே பகையா, மற்றவர்களைச் சிரிக்க வைக்கிற ஆசையா, முந்தாநாள் கிரிக்கெட்டில் அவுட் கொடுத்த கடுப்பா என்று யோசிப்பது பிறரை உணர்தல். ‘என்னை என்ன வேணா சொல்லு, அப்பா பேரை இழுக்காத’ என்று கத்தாமல் அழுத்தமாகச் சொல்வதும், மறுநாள் அதே பையனோடு ஒரே பெஞ்சில் உட்காருவதும் உறவைப் பேணுதல். அடிப்பதா, சிரித்துவிட்டு நகர்வதா, மிஸ்ஸிடம் சொல்வதா, சொன்னால் ‘போட்டுக்கொடுத்தவன்’ என்ற பெயர் வருமே என்று எல்லாவற்றையும் எடைபோட்டு ஒன்றைத் தேர்வது பொறுப்பாக முடிவெடுத்தல். நிஜத்தில் இவை இப்படி வரிசையில் வராது. எல்லாம் ஒரே சமயத்தில் வந்து விழும். அதனால்தான் சண்டை இல்லாத நாளிலேயே பழகி வைக்க வேண்டியிருக்கிறது.

ஏன் குறிப்பாக ஆறு, ஏழு, எட்டாம் வகுப்பு? ஒன்று, உடம்பு மாறுகிற வயசு. இரண்டு, ஐந்தாவது வரை தெருமுனைத் தொடக்கப் பள்ளியில் ‘பெரிய பையனாக’ இருந்தவன், ஆறாவதில் பெரிய பள்ளிக்கு வந்து திடீரென்று எல்லாரையும்விடச் சின்னவன் ஆகிறான். மூன்றாவது மூளை. உணர்ச்சிகளையும் பரிசையும் தேடும் பகுதிகள் பருவ வயதிலேயே சூடுபிடித்துவிடுகின்றன. நிதானித்து யோசிக்க வைக்கிற நெற்றிப் பக்கத்து முன்மூளையோ முழுதாக முதிர்வதற்கு இருபது வயதைத் தாண்டிவிடும். இதில் நண்பர்கள் பார்த்துக்கொண்டிருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஒரு சோதனை உண்டு. மார்கோ கார்ட்னர், லாரன்ஸ் ஸ்டைன்பெர்க் இருவரும் 2005-இல் வெளியிட்டது. கணினியில் கார் ஓட்டும் விளையாட்டைச் சிலர் தனியாக ஆடினார்கள், சிலர் பக்கத்தில் நண்பர்களை வைத்துக்கொண்டு ஆடினார்கள். நண்பர்கள் இருந்தபோது 13 முதல் 16 வயதுப் பிள்ளைகள் எடுத்த ரிஸ்க் எகிறியது. 24 வயதைத் தாண்டியவர்களிடம் அந்த வித்தியாசம் தெரியவில்லை. வகுப்பறை என்பது எப்போதும் நண்பர்கள் பார்த்துக்கொண்டிருக்கிற இடம் என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

இங்கே பெரும்பாலானோர் கேட்கும் கேள்வி: இதைத்தானே அந்தக் காலத்தில் நீதிபோதனை வகுப்பில் செய்தோம்? இல்லை. நீதிபோதனை எது நல்லது என்று சொல்லும். கோபத்தைப் பற்றிய மனப்பாடச் செய்யுளைப் பிழையில்லாமல் ஒப்பித்துவிட்டு, வெளியே வந்த கையோடு பக்கத்திலிருப்பவன் மண்டையில் தட்டுவதை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம், செய்தும் இருக்கிறோம். திறன் என்றால் செய்துபார்த்துத்தான் வரும். ஜோசப் டர்லாக் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 2011-இல் பள்ளிகளில் நடந்த 213 சமூக-உணர்வுக் கற்றல் திட்டங்களை, அவற்றில் பங்கேற்ற 2,70,034 மாணவர்களோடு சேர்த்து அலசினார்கள். நடத்தை மேம்பட்டது, மன உளைச்சல் குறைந்தது, கூடவே படிப்பும் ஏறியது. நூறு பேரைக் கடைசி மார்க்கிலிருந்து வரிசையாக நிறுத்தினால் நடுவில் 50-ஆவதாக நிற்கும் பிள்ளை 61-ஆவது இடத்துக்கு முன்னேறுகிற அளவு. ஆனால் எல்லாத் திட்டமும் ஒன்றுபோல் பலன் தரவில்லை. படிப்படியாக, செய்துபார்க்க வைத்து, இதற்கென்றே நேரம் ஒதுக்கி, எந்தத் திறனைப் பழகுகிறோம் என்று வெளிப்படையாகச் சொல்லி நடத்தியவைதான் நன்றாக வேலை செய்தன.

எடுபடாமல் போனதற்கும் ஓர் உதாரணம் உண்டு. பிரிட்டனில் 11 முதல் 14 வயதுக்குள் இருந்த எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களை வைத்து, பள்ளியில் மனநிறைக் கவனப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். கண்ணை மூடி மூச்சைக் கவனிப்பது, உடம்பைக் கவனிப்பது மாதிரியான பயிற்சி. 2022-இல் வந்த முடிவு: பள்ளியில் வழக்கமாக நடக்கும் சமூக-உணர்வுப் பாடத்தை மட்டும் படித்தவர்களோடு ஒப்பிட்டால் மனநலத்தில் சொல்லிக்கொள்ளும்படி எந்த வித்தியாசமும் இல்லை. வீட்டில் போய் அதைப் பழகிய பிள்ளைகள் மிகக் குறைவு. டேவிட் யேகர் என்ற ஆய்வாளர் 2017-இல் எழுதியது இதை ஓரளவு விளக்குகிறது: சின்னப் பிள்ளைகளிடம் நன்றாக வேலை செய்கிற அதே பாடம் பதின்வயதுக்காரர்களிடம் எடுபடுவதில்லை. ‘நீ இப்படி நடந்துக்கணும்’ என்று ஒரு பெரியவர் சொன்னதுமே, தன்னைக் குழந்தையாக நடத்துகிறார்கள் என்று அவர்களுக்குத் தோன்றிவிடுகிறது. அந்த வயதில் அவர்களுக்கு வேண்டியது மரியாதையும், தன் முடிவைத் தானே எடுக்கிற உரிமையும்.

என் அனுபவமும் அதுதான். மாலை நேர டியூஷன் சென்டரில் இந்த வயதுப் பிள்ளைகளோடு உட்காருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: இந்த வயதில் எதைச் சொல்லிக்கொடுத்தாலும், பிள்ளையின் கெத்து குறையாமல் சொல்லிக்கொடுக்க வேண்டும். அது குறைந்தால் பாடம் அங்கேயே முடிந்தது.

வடசென்னைப் பிள்ளைகளைப் பற்றிப் பேசும்போது இதை இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. வெளியிலிருந்து வருகிறவர்கள் பலர், இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கோபம் மட்டும்தான் தெரியும், அதைத் திருத்த வந்திருக்கிறோம் என்ற நினைப்போடு வருகிறார்கள். வேலைக்குப் போகும் அம்மாவுக்குப் பதிலாக மெட்ரோ வாட்டர் லாரி முன்னால் குடத்தோடு நின்று, ‘அக்கா, நான் உங்களுக்கு முன்னாடி’ என்று இடத்தை விடாமல் பேசி, தம்பியையும் ஒரு கண்ணில் வைத்துக்கொள்கிற எட்டாம் வகுப்புப் பெண்ணிடம் மேலே சொன்ன ஐந்தில் நாலு ஏற்கெனவே இருக்கிறது. அவளுக்கு அது ஒரு திறமை என்று யாரும் சொன்னதில்லை, அவ்வளவுதான். பாடத்தை அங்கிருந்து தொடங்கினால் பிள்ளைகள் காது கொடுப்பார்கள்.

காலண்டரையும் பார்க்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். பள்ளி திறக்கிற ஜூன் முதல் வாரங்கள் அதற்குள் விழும். காசிமேட்டில் விசைப்படகை நம்பியிருக்கும் வீட்டில் கையில் காசில்லாத நேரம் அதுதான். புது நோட்டுக்கு அட்டை போடவில்லை என்று திட்டு வாங்கும் நேரமும் அதுதான். எட்டாவது படிக்கிற பையன் ஜூனில் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அவனுடைய ‘சுயக் கட்டுப்பாட்டை’ப் பற்றிப் பேசுவதற்கு முன் இதை விசாரிக்கலாம்.

சரி, எப்படித் தொடங்குவது?

முதலில் வார்த்தைகள். போர்டில் ‘கோபம்’ என்று எழுதிவிட்டு, வீட்டிலும் தெருவிலும் இதற்கு என்னென்ன சொல்வீர்கள் என்று கேளுங்கள். கடுப்பு, காண்டு, எரிச்சல், வெறி, டென்ஷன் என்று கொட்டும். பிறகு எது சின்னது, எது பெரிசு என்று அவர்களையே வரிசைப்படுத்தச் சொல்லுங்கள். பெரிய சர்ச்சை நடக்கும். கடுப்பா பெரிசு, எரிச்சலா? அந்தச் சர்ச்சைதான் பாடம். கடைசியில் ஒருவன் ‘அப்போ எனக்குக் காண்டு இல்ல, அசிங்கமா இருந்துச்சு’ என்பான். கோபத்துக்கு அடியில் வேறொன்று இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டான். உணர்ச்சிக்குப் பெயர் சொல்வதே அதன் வேகத்தைக் குறைக்கிறது என்பதை மேத்யூ லீபர்மன் குழு 2007-இல் மூளை ஸ்கேன் வைத்துக் காட்டியது. முகத்தில் தெரியும் உணர்ச்சிக்குப் பெயர் சொன்னபோது, பயத்தைக் கிளப்பும் அமிக்டலாவின் துடிப்பு தணிந்தது.

அடுத்தது கேரம் போர்டு. வடசென்னையில் கேரமை யாருக்கும் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. 2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் 3 தங்கம் வென்ற காசிமா புது வண்ணாரப்பேட்டைப் பெண்தான். டபுள்ஸ் ஆடும்போது, அம்பயர் இல்லாத போர்டில் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தகராறு வரும். அந்தத் தகராறுகளுக்காகவே நான் போர்டை எடுத்து வைப்பேன். விதிமுறை இரண்டுதான். தகராறு வந்ததும் ஸ்ட்ரைக்கரை நடுவில் வைத்துவிட வேண்டும். தன் கட்சியைச் சொல்வதற்கு முன் எதிராளி என்ன சொல்கிறான் என்பதை முதலில் சொல்ல வேண்டும்.

“போங்கு ஆடாதடா! கை பட்டுச்சு!”

“எங்கடா பட்டுச்சு? பவுடர் பாத்துட்டு சொல்றான்.”

“ஸ்ட்ரைக்கரைக் கீழ வை. அவன் என்ன சொல்றான்?” என்பேன் நான்.

“படலையாம்.” முகத்தைத் திருப்பிக்கொண்டு.

“நீ என்ன சொல்ற?”

“பட்டுச்சு... பட்ட மாதிரி தெரிஞ்சுது, எனக்கு.”

‘போங்கு ஆடுற’ என்பது ஆளின் மேல் வீசுகிற குற்றச்சாட்டு. ‘எனக்குப் பட்ட மாதிரி தெரிஞ்சுது’ என்பது நான் பார்த்ததைச் சொல்வது. எதிராளி இறங்கிவர இடம் இருக்கிறது. நீ என்று ஆரம்பிக்காமல் நான் என்று ஆரம்பிக்கும் இந்தப் பேச்சு முறையை 1960-களில் தாமஸ் கார்டன் என்ற உளவியலாளர் பெற்றோருக்குக் கற்பித்தார். அதைச் சொல்லிப் பாடம் எடுத்தால் பையன்கள் கொட்டாவி விடுவார்கள். போர்டில் அது தானாக வாயில் வரும், ஏனென்றால் ஆட்டம் தொடர வேண்டும். ‘சரி, செல்லாது, திரும்ப அடி’ என்று முடித்துக்கொள்வார்கள்.

ஆட்டம் முடிந்ததும் ஐந்து நிமிஷம் பேச்சு. எப்போது பல்லைக் கடித்தீர்கள்? அப்போது என்ன செய்யத் தோன்றியது? யார் இறங்கிவந்தது, ஏன்? ஒருமுறை இப்படிக் கேட்டபோது ஏழாவது படிக்கும் பெண் ஒருத்தி சொன்னாள்: “நாங்க எப்பவும் விட்டுக்குடுத்துடுவோம் அண்ணா. அப்போதான் அடுத்த கேமுக்கு சேத்துப்பாங்க.” இந்தத் துறையைப் பற்றிப் பேசும் எல்லாரும் இதைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். கத்தாத, அடிக்காத, விட்டுக்கொடுக்கிற பிள்ளைக்கு நாம் ‘நல்ல பொண்ணு’ என்று மார்க் போட்டுவிடுகிறோம். அவள் தன்னைக் கையாளவில்லை, தன்னை மறைத்துக்கொள்கிறாள். அமைதியான வகுப்பு வேண்டும் என்பதற்காக இந்தப் பாடத்தை எடுக்கிற பள்ளிகள் இப்படிப்பட்ட பெண்களை இன்னும் அமைதியாக்கிவிடும். அவளுக்குப் பழக வேண்டிய திறன் ‘இல்ல, அது என் காயின்’ என்று சத்தமாகச் சொல்வது. அடுத்த ஆட்டத்திலிருந்து, தகராறில் முதலில் பேசும் உரிமையை மாற்றி மாற்றிக் கொடுக்க ஆரம்பித்தோம். சத்தம் அதிகமானது. நல்ல சத்தம்.

நடித்துப் பார்ப்பது இன்னொரு வழி. ஆனால் சினிமா வசனம் மாதிரி நாம் எழுதிக் கொடுக்கக் கூடாது. ‘நண்பா, நீ என்னைக் கேலி செய்வது எனக்கு வருத்தமளிக்கிறது’ என்று எருக்கஞ்சேரியில் எந்தப் பையனும் பேச மாட்டான். பேசினால் இன்னும் ரெண்டு அடி விழும். கலாய்த்தால் கெத்து குறையாமல் எப்படித் தப்பிப்பது என்று அவர்களிடமே கேளுங்கள். ‘அவ்ளோதானா? இன்னும் இருக்கா?’ என்று திருப்பிக் கேட்பது, சிரித்து மழுப்புவது, ‘வா மச்சி’ என்று நண்பன் வந்து இழுத்துப் போவது என்று நம்மைவிட நன்றாகவே யோசிப்பார்கள். அந்த நண்பன் வேடத்தைக் கண்டிப்பாகப் பழக்குங்கள். பல சண்டைகளை நிறுத்துவது சண்டை போடுகிறவன் இல்லை, பக்கத்தில் நிற்கிறவன்.

சண்டை நடந்தே விட்டதா? பத்து முறை எழுதச் சொல்வதற்குப் பதிலாக, கூட்டத்தைக் கலைத்துவிட்டு, தனித்தனியே நாலு கேள்வி: என்ன நடந்துச்சு? அப்போ மனசுல என்ன ஓடுச்சு? இதனால யாருக்கு என்ன ஆச்சு? இப்போ சரி பண்ண என்ன செய்யணும்? ‘ஏன் அடிச்ச?’ என்பது இந்தப் பட்டியலில் கிடையாது. அந்தக் கேள்விக்கு ஒரு பையன் உடனே பொய்யோ நியாயமோ தேட ஆரம்பித்துவிடுவான். முட்டி போட வைப்பது, எல்லார் முன்னாலும் அப்பாவைக் கூப்பிட்டு அவமானப்படுத்துவது எல்லாம் பலன் தராது என்பது ஒருபுறம். உடலை வருத்துவதையும் மனத்தைத் துன்புறுத்துவதையும் 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 17-ஆம் பிரிவில், தடை செய்திருக்கிறது. ஆசிரியர் கோபத்தில் டஸ்டரை மேசையில் அறைந்துவிட்டு, அப்புறம் ‘மிஸ் கொஞ்சம் டென்ஷன் ஆயிட்டேன், ரெண்டு நிமிஷம் குடுங்க’ என்று சொன்னால் அதைவிடப் பெரிய பாடம் இல்லை.

எல்லாவற்றையும் பிள்ளையின் திறன் குறைபாடாக்கிவிடவும் கூடாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளம், அதோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய், மாதக் கடைசியில் பெரியகுப்பம் பக்கம் நள்ளிரவில் அம்மோனியா கசிவு என்று ஒரே மாதத்தில் பார்த்த பிள்ளை ராத்திரி எழுந்து உட்கார்ந்துகொண்டால், மூச்சை இழுத்துவிடு, சரியாகிவிடும் என்று சொல்லி முடிக்க முடியாது. பயப்பட வேண்டியதற்குத்தான் அது பயப்படுகிறது. அந்தப் பயத்தைப் பெரியவர்கள் நம்ப வேண்டும், கேட்க வேண்டிய இடத்தில் கேள்வியும் கேட்க வேண்டும்.

அதேபோல் வகுப்பு எடுப்பவர் கவுன்சிலர் ஆகிவிட மாட்டார். தூக்கம், சாப்பாடு, பேச்சு எல்லாம் வாரக்கணக்கில் மாறியிருந்தால், தன்னைக் காயப்படுத்திக்கொள்கிற அறிகுறி இருந்தால், மனநல உதவிக்கு டெலி மானஸ் 14416 இருக்கிறது. படிப்பு, பள்ளிப் பிரச்சினைகளுக்குத் தமிழகப் பள்ளிக் கல்வித் துறையின் 14417, ஆபத்திலிருக்கும் குழந்தைக்கு 1098. பிள்ளை ஒரு ரகசியம் சொல்ல வரும்போது ‘யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்’ என்று மட்டும் சத்தியம் செய்துவிடாதீர்கள். பாலியல் துன்புறுத்தலாக இருந்தால் 2012 போக்சோ சட்டப்படி தெரிந்தவர் புகார் செய்தே ஆக வேண்டும். ‘உன்னைப் பாதுகாக்கத் தேவைப்பட்டால் ஒருத்தர்கிட்ட சொல்வேன், யார்கிட்டன்னு உனக்கு முன்னாடியே சொல்லிடுவேன்’ என்பதுதான் நேர்மையான வாக்கு.

இதற்குப் பரீட்சை வைக்காதீர்கள், கிரேடு போடாதீர்கள். ‘பிறரை உணர்தல்: பி பிளஸ்’ என்று ரேங்க் கார்டில் பார்த்தால் பிள்ளை முதலில் உணர்வது அவமானத்தைத்தான். பலன் தெரிகிறதா என்று பார்க்க வேண்டுமானால், சண்டைகளின் எண்ணிக்கையைவிட, சண்டை போட்ட இருவர் மறுபடி பேச எத்தனை நாள் எடுக்கிறது என்று கவனியுங்கள். கடைசி பெஞ்சில் வாயே திறக்காதவர்கள் எப்போதாவது ‘இல்ல மிஸ்’ என்று மறுத்துப் பேசுகிறார்களா என்றும் பாருங்கள்.

நேரம் எங்கே என்று கேட்பீர்கள். வாரம் ஒரு பீரியட் போதும், தினமும் அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது ‘இன்னிக்கு எப்படி இருக்க?’ என்பதற்கு ஒன்றிலிருந்து ஐந்து வரை விரலைக் காட்டச் சொன்னால் ஒரு நிமிஷம் ஆகும். ஒரு விரல் காட்டியவனை இன்டர்வெல்லில் தனியாக விசாரித்துக்கொள்ளலாம். எந்த பீரியடை எடுத்துக்கொண்டாலும் சரி, பி.டி. பீரியடில் மட்டும் கை வைக்காதீர்கள். அதற்கப்புறம் உங்கள் வகுப்பில் எவனும் வாயைத் திறக்க மாட்டான்.